நூறு புள்ளி எடுத்தவர் ஏன் முதலிடத்தில் இல்லை?

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லெயினை ஒதுக்கிவிட்டு, மைக்கேல் ஜோர்டனா லெப்ரான் ஜேம்ஸா என்றே எல்லோரும் சண்டை போடுகிறார்கள். கூடைப்பந்தில் யார் பெரியவர் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாதா?" ஓரளவுக்கு முடியும். அந்த ஓரளவு எதுவரை என்பதுதான் சுவையான விஷயம்.

முதலில் அந்த நூறு. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில், 1962 மார்ச் 2 அன்று, பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி என்ற சிற்றூரில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்காக நியூயார்க் நிக்ஸ் அணியை எதிர்த்து ஆடிய சேம்பர்லெயின், 63 முறை கூடையை நோக்கி எறிந்து 36 முறையும், 32 ஃப்ரீ த்ரோக்களில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், ஒரு புள்ளி மதிப்புள்ள, தடையற்ற எறிதல்) 28 முறையும் பந்தை உள்ளே போட்டார். அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள், 25.7 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது). நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்தில் அவர் சராசரியாக 48.5 நிமிடம் ஆடினார்; கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களின் புண்ணியம் அது.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் எளிது. அன்றைய ஆட்டம் இன்றையதைவிட மிக வேகமானது, குறியோ மோசம். அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 107 தடவைக்கு மேல் கூடையை நோக்கி எறிந்தது, அவற்றில் பாதிக்கு மேல் தவறின. தவறிய பந்து எல்லாம் யாரோ ஒருவர் கைக்கு ரீபவுண்டாக வந்துதானே ஆக வேண்டும்? ஓர் அணிக்கு சுமார் 71 வீதம், இரு அணிகளுக்கும் சேர்த்து ஓர் ஆட்டத்தில் சுமார் 142 ரீபவுண்டுகள் கிடைத்தன. சேம்பர்லெயின் எடுத்த 25.7 அதில் நூற்றுக்குப் பதினெட்டு. முப்பது ஆண்டு கழித்து, 1991-92 பருவத்தில், டென்னிஸ் ராட்மன் எடுத்தது ஆட்டத்துக்கு 18.7தான். ஆனால் அப்போது இரு அணிகளும் சேர்ந்தே ஏறத்தாழ 88 ரீபவுண்டுகள்தான் எடுத்தன. ராட்மனோ நாற்பது நிமிடம்தான் ஆடினார். அவர் களத்தில் இருந்த நேரத்தை மட்டும் கணக்கில் கொண்டால் அவர் பங்கு நூற்றுக்கு இருபத்தைந்து வரும். குறைந்த எண்ணிக்கையை வைத்திருப்பவர்தான் அதிகப் பங்கை அள்ளியிருக்கிறார்.

காலத்துக்கேற்ப இப்படித் திருத்திக்கொள்வது வகுத்தல் கணக்கு, அவ்வளவே. எத்தனை சாம்பியன்ஷிப் வென்றார் என்று எண்ணுவது அதைவிடவும் எளிது. அதனால்தானோ என்னவோ அதில் பயனும் குறைவு. ஜோர்டனுக்கு ஆறு, லெப்ரானுக்கு நான்கு என்று தொடங்குபவர்கள், ஏழு சாம்பியன்ஷிப் பெற்ற ராபர்ட் ஹோரியை ஜோர்டனுக்கு மேலே வைக்க ஒருபோதும் சம்மதிப்பதில்லை. சொன்னது பலித்தால் கிரகத்தின் பலன், பலிக்காவிட்டால் பரிகாரத்தில் குறை என்று சொல்லும் ஜாதகக்காரரின் தர்க்கத்துக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஓர் அணியில் களமிறங்கும் ஐந்து பேர் சேர்ந்து பெற்ற விளைவை ஐவருக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதே உண்மையான சிக்கல். ஒருவர் எடுத்த புள்ளியை எண்ணலாம். அவருக்கு வழி திறந்துவிட, எதிரியின் பாதையில் தூண்போல் நின்று மோதலைத் தாங்கிக்கொண்டவரின் பங்கை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை. ஆகவே புள்ளிவிவர வல்லுநர்கள் மறுமுனையிலிருந்து தொடங்கினார்கள். ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். அதே பத்துப் பேர் ஆள் மாறாமல் களத்தில் இருக்கும் நேரம் ஒரு துண்டு. அந்தத் துண்டில் ஓர் அணி எத்தனை புள்ளி முந்தியது என்பது சமன்பாட்டின் ஒரு பக்கம். ஐவரின் பங்களிப்பைக் கூட்டி, எதிரணி ஐவரின் பங்களிப்பைக் கழித்தால் வருவது மறுபக்கம். ஒரு பருவத்தில் 1230 ஆட்டங்கள், துண்டுகளோ பல்லாயிரம். கண்டுபிடிக்க வேண்டியவை சில நூறு ஆட்டக்காரர்களின் பங்களிப்புகள் மட்டுமே. டான் ரோசன்பாம் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2004இல் இந்த முறையில் கணக்கிட்டு வெளியிட்டார். பள்ளியில் படித்த ஒருங்கமை சமன்பாடுகள்தான். தீர்த்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. ஏன் என்பதற்கு மளிகைக் கடைக்குப் போவோம். விலைப்பட்டியல் இல்லாத கடை. பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். ஒரு வீட்டார் பத்துக் கிலோ அரிசியும் பத்துக் கிலோ துவரம் பருப்பும் வாங்கி 2000 ரூபாய் கொடுத்தார்கள். அடுத்த வீட்டார் பத்துக் கிலோ அரிசியும் பதினொரு கிலோ பருப்பும் வாங்கி 2140 ரூபாய் கொடுத்தார்கள். கழித்துப் பார்த்தால் பருப்பு கிலோ 140, அரிசி 60. இப்போது கடைக்காரர் இரண்டாவது பில்லில் கை தவறி ஐம்பது ரூபாய் கூட்டிப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். பில் 2190. அதே கழித்தலைச் செய்தால் பருப்பு 190 ரூபாய், அரிசி கிலோ பத்தே ரூபாய்! மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டரை கூட வராத பிழை, விடையைக் கவிழ்த்துவிட்டது. இரண்டு பொருள்களையும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வாங்குவதே காரணம். பிரித்துப் பார்ப்பதற்கான தகவல் அந்த ஒரே ஒரு கிலோவில் மட்டும் இருக்கிறது.

கூடைப்பந்திலும் இதே கதைதான். ஜோர்டன் களத்தில் இருக்கும் பெரும்பாலான நேரம் அவருடைய அணித்தோழர் ஸ்காட்டி பிப்பனும் இருப்பார். இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும் சில நிமிடங்களில், வளையத்தில் பட்டுச் சுழன்ற பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற தற்செயல்தான் நம் ஐம்பது ரூபாய். இருவரும் சேர்ந்து அணிக்குப் பத்துப் புள்ளி கூட்டுகிறார்கள் என்பது உறுதி என்று கொண்டாலும், சாதாரணத் தீர்வு ஒருவருக்கு +30, மற்றவருக்கு −20 என்று கூசாமல் விடை சொல்லும். கூட்டினால் பத்துதானே என்று வாதமும் செய்யும்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த வித்தை வருகிறது. ஹோர்ல், கென்னார்ட் என்ற இருவர் 1970இல் விளக்கிய 'ரிட்ஜ்' முறை, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள பிழையைக் குறைப்பதோடு நில்லாமல், பெரிய எண்களுக்கு அபராதமும் விதிக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தரும் பங்களிப்பை வர்க்கப்படுத்திக் கூட்டி, அதையும் குறைக்க வேண்டிய தொகையோடு சேர்த்துவிடுகிறது. +30, −20 என்ற விடைக்கு அபராதம் 900, 400 சேர்ந்து 1300. ஐந்து, ஐந்து என்று சமமாகப் பிரித்தால் 25, 25 சேர்ந்து வெறும் 50. தரவு இருவரையும் பிரித்துக் காட்டாத இடத்தில் கணக்கு தானாகவே சமபங்குக்கு வந்து நிற்கிறது. பிரித்துக் காட்டும் சான்று சேரச் சேர, அபராதத்தைக் கட்டியும் பெரிய எண்ணைத் தருகிறது. புகழுக்கு அங்கே தள்ளுபடி கிடையாது.

அபராதம் எவ்வளவு இருக்க வேண்டும்? அதிகமானால் எல்லோரும் பூச்சியத்தில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். குறைந்தால் பத்து ரூபாய் அரிசி திரும்பி வரும். எனவே ஆட்டங்களில் ஒரு பகுதியை மறைத்துவைத்து, மீதியைக் கொண்டு பங்களிப்புகளைக் கணக்கிட்டு, மறைத்த ஆட்டங்களின் முடிவை எந்த அபராதம் நன்றாகக் கணிக்கிறதோ அதையே வைத்துக்கொள்கிறார்கள். கணக்கின் கண்ணுக்கு எட்டாத ஆட்டங்களே நீதிபதி. ஜோசப் சில் என்பவர் 2010இல் ஒரு விளையாட்டுப் பகுப்பாய்வு மாநாட்டில் இதைக் கூடைப்பந்துக்குச் செய்து காட்டினார்.

ரிட்ஜ் முறை கூடைப்பந்துக்காகப் பிறந்ததல்ல. வேதித் தொழிற்சாலைத் தரவுகளோடு மல்லுக்கட்டியவர்கள் கொடுத்தது. "இந்த ஆராய்ச்சியால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டே நிதியை நிறுத்தும் குழுக்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. ஆட்டத்தின் நிகழ்வுப் பதிவு எல்லோருக்கும் கிடைத்ததால்தான் வெளியாள்கள் இவ்வளவும் செய்தார்கள். 2013-14 முதல் அந்த அமெரிக்க லீகின் எல்லா அரங்குகளிலும் நொடிக்கு 25 முறை ஒவ்வொருவரின் இருப்பிடத்தையும் பதியும் கேமராக்கள் வந்துவிட்டன. அந்த விரிவான தரவில் பெரும்பகுதி அணிகளின் பூட்டுக்குள் இருக்கிறது.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். யார் எப்போது உள்ளே வந்தார், வெளியே போனார் என்ற முறையான பதிவு பொதுவில் கிடைப்பது 1996-97 பருவத்திலிருந்துதான். 2003இல் ஆடத் தொடங்கிய லெப்ரானின் வாழ்க்கை முழுவதும் இந்தத் தராசில் ஏறுகிறது. ஜோர்டனுடையதில் முப்பத்து மூன்று வயதுக்குப் பிந்தைய நான்கு பருவங்களே ஏறுகின்றன. அவரது உச்சம் வெளியே நிற்கிறது. தவிர இந்த முறை ஒருவரை அவர் காலத்தவரோடு மட்டுமே ஒப்பிடும். சேம்பர்லெயினோடும் ஜோர்டனோடும் மோதிய கரீம் அப்துல் ஜப்பார் போன்றவர்களைப் பாலமாக்கிக் காலங்களை இணைக்கலாமே என்றால், 1973இல் இருந்த இருபத்தாறு வயதுக் கரீமும் 1989இல் ஓய்வுபெற்ற நாற்பத்திரண்டு வயதுக் கரீமும் ஒரே அளவுகோல் அல்ல. ஆகவே காலங்களைத் தாண்டிய ஒற்றைப் பட்டியலை யாராவது தசமப் புள்ளியோடு நீட்டினால், நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சேம்பர்லெயின் விஷயத்தில் நமக்கு வேறொரு தரவு இருக்கிறது. அக்காலத்தில் ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரரை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சராசரி ஐம்பதைத் தாண்டிய, நூறு புள்ளி எடுத்த அதே 1961-62 பருவத்தில், அவரோடும் அவரை எதிர்த்தும் ஆடியவர்கள் தேர்ந்தெடுத்தது, ஆட்டத்துக்கு 18.9 புள்ளி மட்டுமே எடுத்த பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸலை. ரஸ்ஸலின் பெரும் பலமாக எல்லோரும் சொல்வது, எதிரி எறியும் பந்தைத் தடுத்து அதைத் தன் அணியின் கைக்கே தட்டிவிடுவது. லீக் அப்படித் தடுத்த பந்துகளை எண்ணத் தொடங்கியது 1973-74இல். அதற்கு நான்கு ஆண்டு முன்பே அவர் ஓய்வுபெற்றிருந்தார்.