செங்கோணம் இருக்க வலது கோணம் எதற்கு?

போன சனிக்கிழமை எங்கள் கோயில் தமிழ் வகுப்பில், கிரேடு 4 படிக்கும் ஒரு பெண்பிள்ளை பயிற்சித்தாளை என்னிடம் நீட்டினாள். தாளில் ஒரு செவ்வகம், அதன் கீழே "இதில் உள்ள வலது கோணங்களைக் குறிக்கவும்" என்று ஒரு வரி. அவள் வலப்பக்கத்து மூலைகள் இரண்டிலும் அழகாகச் சின்னக் கட்டம் போட்டிருந்தாள், இடப்பக்கத்து இரண்டையும் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டால், "அது இடது பக்கம் மிஸ்" என்கிறாள். பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே செய்திருக்கிறாள். தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. இந்த ஒரு வருஷத்தில் மட்டும் "வலது கோணம்" என்பதை எத்தனை தாளில் பார்த்துவிட்டேன்!

சரியான சொல் செங்கோணம். செம்மை + கோணம். செம்மை என்றால் இங்கே நேர்மை, வளையாமை. கோணம் வடமொழியிலும் உண்டு, தமிழில் கோணு, கோணல் என்று வழங்குவதும் அதை ஒட்டியதுதான், கோணல்மாணல் என்கிறோமே அதே கோணல். 90 பாகை (டிகிரி) உள்ள கோணம் செங்கோணம், அவ்வளவுதான்.

வலது எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் ரைட் ஆங்கிள் என்கிறார்கள், ரைட் என்றால் வலது, முடிந்தது மொழிபெயர்ப்பு. ஆனால் அந்த ரைட் கையைக் குறித்த சொல்லே இல்லை. அதன் பழைய பொருள் நேரானது என்பது, லத்தீன் ரெக்டுஸுக்கு உறவு. மொரீஷியஸில் இருக்கிற நமக்கு இது இன்னும் எளிதாகப் புரியவேண்டும். பிரெஞ்சில் இதற்கு ஆங்கிள் துருவா என்று பெயர். தெருவில் வழி கேட்டால் "தூ துருவா" என்றால் நேராகப் போ, "அ துருவாத்" என்றால் வலப்பக்கம் திரும்பு. வீட்டிலும் கடையிலும் நாள் முழுக்க இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்கிற நாம், தமிழில் எழுதும்போது மட்டும் ஏன் வலப்பக்கம் திரும்புகிறோம்? ஆங்கிலக்காரனும் பிரெஞ்சுக்காரனும் நேர் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள், தமிழில் செங்கோணம் என்று வைத்தவர்களும் அதே பொருளில்தான் வைத்தார்கள்.

இதைச் சொன்னதும் உடன் பாடம் நடத்தும் ஒருவர், "அப்படியானால் நேர்கோணம் என்றே சொல்லலாமே, பிள்ளைகளுக்குச் சுலபம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வலது கோணத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நேர்கோணம் என்ற பெயர் ஏற்கெனவே 180 பாகைக்குப் போய்விட்டது, இரண்டு கைகளும் ஒரே நேர்கோட்டில் நீண்டு கிடக்கும் கோணத்துக்கு. அதை எடுத்து 90-க்கு வைத்தால் 180-க்கு என்ன வைப்பது? இன்றைக்கு நம்மிடம் நேர்கோணம் என்று படித்த பிள்ளை, நாளைக்குச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சான ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் விடை சரிபாதி தப்பாக வரும். சுலபம் என்பதற்காக இன்னொன்றின் பெயரைப் பறிக்கக்கூடாது.

அப்புறம் இன்னொரு வாதமும் வந்தது: செங்கோணம் என்றால் சிவப்புக் கோணம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களாம். செம்மைக்குச் சிவப்பு என்ற பொருளும் இருக்கிறது, உண்மைதான், செம்மண்ணும் செந்தாமரையும் அதில் வந்தவை. ஆனால் செந்தமிழ் என்று ஒவ்வொரு விழா மேடையிலும் முழங்குகிறோமே, அதைச் சிவப்புத் தமிழ் என்று யாராவது நினைத்தார்களா? செங்கோல் வளையாத கோல், நேரான ஆட்சி, அதற்கு எதிரானது கொடுங்கோல். குறளில் செங்கோன்மை 55-ஆம் அதிகாரம், அடுத்ததே கொடுங்கோன்மை. இந்த ஒரு செம் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டால் செங்குத்து வந்துவிடும், செவ்வகமும் வந்துவிடும். செவ்வகத்தின் நான்கு மூலையும் ஏன் செங்கோணம் என்று தனியாகச் சொல்லித்தரவே வேண்டாம், பெயரிலேயே இருக்கிறது. வலது கோணம் இந்த உறவை எல்லாம் அறுத்துவிடுகிறது. என் பெரிய வருத்தம் இதுதான்.

அன்றைக்கு நான் பையிலிருந்து மொரீஷியஸ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நம் 100 ரூபாய் நோட்டை எடுத்து, அதன் ஒரு மூலையை அவள் வரைந்திருந்த கட்டத்தின் மேல் பொருத்திக் காட்டினேன். அப்படியே நோட்டைத் திருப்பி இடப்பக்கத்து மூலையில் வைத்தேன், அங்கேயும் அச்சாகப் பொருந்தியது. பிறகு அவளே நோட்டை வாங்கிக்கொண்டு மேசை, ஜன்னல், கரும்பலகை என்று வைத்துப் பார்த்தாள். விசிறி மடிப்பு மாதிரி சாய்ந்திருந்த ஒரு மூலையில் பொருந்தாதபோது, "இது செங்கோணம் இல்லை" என்று அவளாகவே சொன்னாள். பிள்ளைக்குச் சொல் கடினமாக இருந்ததே இல்லை.

அந்த நோட்டிலேயே தமிழ் எழுத்து அச்சாகி இருக்கிறது. அத்தனை மதிப்புள்ள ஒரு மொழியை, ஆங்கிலத் தாளை மொழிபெயர்ப்பு எந்திரத்தில் போட்டு எடுத்து, ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் நகலெடுத்துக் குழந்தை கையில் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதே தாளின் மூன்றாம் கேள்வியில் "90 பட்டம்" என்று இருக்கிறது. டிகிரி என்றால் படித்து வாங்குகிற பட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது எந்திரம். பாகை தெரியாவிட்டால் டிகிரி என்றே எழுதுங்கள், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, தெரிந்த பிறமொழிச் சொல் தப்பான தமிழைவிட நூறு மடங்கு நல்லது.

அந்தத் தாளை வைத்திருக்கும் ஆசிரியர்கள் முதல் கேள்வியில் வலது கோணம் என்பதை அடித்துவிட்டுச் செங்கோணம் என்று கையால் எழுதிக் கொடுங்கள். மூன்றாவதில் பாகை.