பர்சனல் ஸ்டேட்மென்ட்டில் செய்தியாளர் தெரியட்டும்

பிரிட்டனில் இதழியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளின் பர்சனல் ஸ்டேட்மென்ட்டுகளை, அதாவது விண்ணப்பத்தோடு தங்களைப் பற்றி எழுதித் தரும் பகுதியைப் பல வருடங்களாகப் படித்துத் திருத்தித் தருகிறேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: "சிறு வயதிலிருந்தே எனக்கு எழுத்தில் ஆர்வம்", இல்லாவிட்டால் "பத்திரிகை ஜனநாயகத்தின் நான்காவது தூண்". இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த விண்ணப்பங்களைப் படிக்கும் ஆசிரியர்களில் பலர் செய்தியறையில் இருந்து வந்தவர்கள். யாரிடம் கேட்டாய், எப்படி உறுதி செய்தாய் என்றுதான் அவர்கள் தேடுவார்கள்.

2026 சேர்க்கையிலிருந்து யுகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் அமைப்பு) படிவத்தில் ஒரு நீண்ட கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உதவுகிறது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். இதழியலைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் உயிர். அதற்கே அதிக இடம் கொடுங்கள்.

ஒரு மாணவி, "எங்கள் பகுதி நூலகத்தைப் பற்றிப் பள்ளி இதழில் எழுதினேன். என் தகவல் தொடர்புத் திறன் வளர்ந்தது" என்று எழுதி வந்தாள். பேசிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) நூலக நேரத்தைக் குறைத்திருக்கிறது. இவள் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மாதவாரி எண்ணிக்கையைக் கேட்டிருக்கிறாள். வந்த பதிலில், பழுதுபார்ப்புக்காகக் கட்டடம் மூடிக் கிடந்த மாதங்களும் கணக்கில் சேர்ந்திருந்தன. பேசிய ஊழியர் பெயர் வேண்டாம் என்றதால், அவர் சொன்னதை ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே எழுதியிருக்கிறாள். இத்தனையையும் விட்டுவிட்டுத் "திறன் வளர்ந்தது" என்று முடித்திருந்தாள்! அந்த வரியை எடுத்துவிட்டு நடந்ததை அப்படியே எழுதச் சொன்னேன்.

எழுதிக் காட்ட ஒன்றுமில்லையா? அந்தத் தகவல் மனுவை யாரும் போடலாம், கட்டணமில்லை, பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். கவுன்சில் கூட்டத்தில் போய் உட்காருங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் பொதுமக்கள் அமர இடம் உண்டு. படமோ ஒலிப்பதிவோ கூடாது, குறிப்பெடுத்து வந்து ஒரு செய்தியாக எழுதிப் பாருங்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதைப் பிள்ளைகள் ஏனோ சொல்வதே இல்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் ஒரு கடைக்கார அண்ணாவிடமோ, கோயிலுக்கு வரும் அம்மம்மாவிடமோ நேரே கேட்டு எழுத உங்களால் முடியும். பக்கத்து இருக்கை மாணவரால் முடியாது. அப்படி எடுத்த ஒரு பேட்டி இருந்தால் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், அளவு. மூன்று பதில்களும் சேர்ந்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றும் குறைந்தது 350. பழைய மாதிரிகளிலிருந்து வரிகளை எடுக்க வேண்டாம், யுகாஸ் ஒப்பிட்டுப் பார்க்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் இதே பிரதிதான் போகும் என்பதால், எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் உள்ளே எழுதாதீர்கள்.