ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம் இல்லை

"தூக்கு இல்லைன்னு ஆயிடுச்சுல்ல சார், 14 வருஷத்துல வந்துடுவான்தானே?" போன மாதம் வக்கீலான என்னிடம் வழக்கை ஒப்படைத்த ஒருவரின் அண்ணன் கேட்டது இது. தூக்கை ரத்து செய்த தீர்ப்பிலேயே 30 வருடத்துக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது என்று எழுதியிருந்தது. அதை அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. குற்ற வழக்கு நடத்தும் எந்த வக்கீலுக்கும் இந்தக் கேள்வி பழக்கம். இனியாவது ஒழியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475. தூக்கு வரை போகக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரையும், தூக்கிலிருந்து ஆயுளுக்குக் குறைக்கப்பட்டவரையும் 14 வருடம் சிறையில் கழிப்பதற்கு முன் அரசு விடுவிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதாவது அது அரசுக்குப் போட்ட தடை. 14 முடிந்தால் விட்டே ஆக வேண்டும் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. ஆயுள் என்றால் மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதும் என்று, காந்தி கொலை வழக்கில் ஆயுள் பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிலர் 20 வருடம் என்பார்கள். அது தண்டனையின் பாதி, கால் பங்கு என்று கணக்குப் போட வேண்டிய இடங்களுக்காக வைத்த எண், விடுதலைத் தேதி கிடையாது. 14 முடிந்தபின் மனு கொடுக்கலாம், அரசு பரிசீலிக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, இத்தனை வருடம் குறைப்பே கிடையாது, சாகும்வரை கிடையாது என்றெல்லாம் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பு எழுதலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது.

"தூக்கில் போடாவிட்டால் 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவான்" என்ற கோபமும் இதே தப்பான கணக்கிலிருந்துதான் வருகிறது. 1955 வரை, கொலை வழக்கில் தூக்கு கொடுக்காத நீதிபதிதான் காரணம் எழுத வேண்டும். 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது: ஆயுள்தான் வழக்கம், தூக்கு கொடுத்தால் சிறப்புக் காரணம் சொல்ல வேண்டும். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் 'அரிதிலும் அரிதான வழக்கு' என்ற அளவுகோலும் வந்தது. செஷன்ஸ் கோர்ட் தூக்கு கொடுத்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 2020 மார்ச் 20, திகார் சிறையில், நான்கு பேருக்கு.

குடும்பத்தாரிடம் என் மன்றாட்டு ஒன்று உண்டு. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு தண்டனை பற்றித் தனியாக விசாரணை நடக்கும். வளர்ந்த சூழல், மனநலம், சிறையில் நடத்தை இதையெல்லாம் முதல் கோர்ட்டில் வழக்கு நடக்கும் கட்டத்திலிருந்தே திரட்ட வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மனநல சிகிச்சைச் சீட்டை வெட்கப்பட்டு மறைத்து வைக்கிறீர்கள். மேல்முறையீட்டில் கொண்டு வந்து நீட்டுகிறீர்கள். தயவுசெய்து முதல் நாளே கொடுங்கள். வயது அதைவிட முக்கியம். சம்பவத்தின்போது 18 நிரம்பாதவருக்குத் தூக்கும் கிடையாது, வெளிவரவே வழியில்லாத ஆயுளும் கிடையாது. மகாராஷ்டிராவில் 1994-இல் நடந்த கொலைகளுக்காகத் தூக்கு விதிக்கப்பட்ட ஒருவருக்குச் சம்பவத்தின்போது வயது 12 என்று 2023-இல்தான் உச்ச நீதிமன்றம் ஏற்று விடுவித்தது. ஒரு பள்ளிச் சான்றிதழ் 28 வருடம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது! பள்ளிப் பதிவேட்டின் நகலை இப்போதே வாங்கி வையுங்கள்.

அப்புறம் கருணை மனு. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆளுநருக்கு. அவர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. யாரோ டெல்லியில் ஆள் இருக்கிறது என்று சொன்னதை நம்பி நகையை விற்காதீர்கள். இந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது, கைதியே சிறையிலிருந்து அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். போகும்போது தீர்ப்பு நகலையும் எடுத்துப் போய், கடைசிப் பக்கத்தை அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.