கேள்வி மாறினால் சாட்சியமும் மாறும்

களுவாஞ்சிகுடிப் பக்கம் பிரதான வீதியில் ஒரு வானும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். எதிரே இருந்த கடைக்காரர் பார்த்திருக்கிறார். அவரிடம் “வான் அடிச்சுத் தூக்கேக்க என்ன வேகத்தில வந்தது?” என்று ஒருவர் கேட்கிறார். இன்னொருவர் “வான் தட்டேக்க என்ன வேகத்தில வந்தது?” என்று கேட்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனாலும் கடைக்காரர் சொல்லும் வேகம் இரண்டு கேள்விக்கும் ஒன்றாக இராது.

இதை 1974இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பால்மருடன் சேர்ந்து சோதித்துக் காட்டினார். மாணவர்களுக்கு வாகன விபத்துப் படத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, வேகத்தைக் கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். ‘மோதி நொறுக்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னதோ 32 மைலுக்குள். அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து, “உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். படத்தில் அப்படி எதுவும் இல்லை. ‘நொறுக்கியபோது’ என்று முன்பு கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். கேள்வியில் இருந்த சொல் ஒரு வாரத்துக்குள் நினைவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

நீதிமன்றத்தில் சாட்சி கூண்டில் ஏறும்போது முதற் கேள்வி கேட்கப்பட்டு எவ்வளவோ காலம் ஆகியிருக்கும். அந்த முதற் கேள்வி பொலிஸ் நிலையத்தில் கேட்கப்பட்டது. அங்கே கேள்வியும் பதிலுமாகப் போன பேச்சு, வாக்குமூலத்தில் சாட்சி தானாகச் சொன்ன கதைபோல எழுதப்படுகிறது. எது சாட்சி சொன்னது, எது அதிகாரி கேட்டதற்கு ‘ஓம்’ என்று தலையாட்டியது என்பது தாளில் தெரியாது. மதிப்பீடுகளும் இங்கேதான் இறுகிப்போகின்றன. காத்தான்குடியில் ஒருவர் “மஃரிப் தொழுகை முடிஞ்ச நேரம்” என்று சொன்னது “மாலை 6.30 மணியளவில்” என்று பதிவாகலாம். மஃரிப் சூரியன் மறைந்ததும் தொழுவது, நம் பகுதியில் சூரியன் மறையும் நேரமோ ஆண்டுக்குள் அரை மணித்தியாலத்துக்கு மேல் முன்பின்னாகும். “ரெண்டு மூண்டு பேர்” என்றது “மூவர்” ஆகலாம். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்து விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கினால் இந்த ஆபத்து இரட்டிப்பாகும்.

இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110(3)ஆம் பிரிவின்படி, பொலிசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சிக்கு வலுச்சேர்க்கப் பயன்படுத்த முடியாது. ஆனால் மன்றில் சொல்வதற்கு முரணாக இருந்தால் அதை எடுத்துக் காட்டலாம். அதனால், உண்மையில் 6.10க்கு நடந்ததைக் கண்டவர் அதை அப்படியே சொன்னாலும், தாளில் உள்ள 6.30 அவரை முரண்பாட்டில் மாட்டிவிடும். கையெழுத்திடுமுன் எண்களையும் நேரத்தையும் தூரத்தையும் மட்டுமாவது திருப்பிக் கேட்டு, ‘கிட்டத்தட்ட’ என்றால் அந்தச் சொல்லையும் எழுதச் சொல்வது சாட்சியின் உரிமை மட்டுமல்ல, வழக்குக்கும் அதுதான் காவல்.

குறுக்கு விசாரணையில், பதிலைத் தன்னுள்ளே வைத்திருக்கும் கேள்விகளைக் கேட்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 143ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பொய்ச்சாட்சியை உடைக்க இது தேவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதிர்மறையில் கேட்கும் கேள்வி உண்மையான சாட்சியையும் சாய்த்துவிடும். “நீங்கள் அந்த நேரம் கடைக்குள்ளே நிற்கவில்லைத்தானே?” என்று கேட்டால், ‘ஓம்’ என்ற பதில் நிற்கவில்லை என்பதை ஒத்துக்கொண்டதா, இல்லை நின்றேன் என்று அடித்துச் சொன்னதா? மேன்முறையீட்டுக்காகப் பதிவேடு ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்தச் சிக்கல் இன்னும் முறுக்கேறும். சாட்சி முழு வாக்கியமாக “நான் கடைக்குள்ளேதான் நிண்டன்” என்று சொன்னால் சிக்கல் வராது. ஒரே மூச்சில் மூன்று விடயங்களைக் கேட்டால், ஒவ்வொன்றாகக் கேட்கும்படி சொல்வதிலும் தப்பில்லை.

நீதிமன்றத்தை மிக எளிதாக வசப்படுத்துவது உறுதியான குரல். “இந்த முகத்தை எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன்” என்று ஒருவர் கூண்டில் நின்று சொன்னால் அதை யாரால் தட்டமுடியும்? ஆனால் அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். 1998இல் கேரி வெல்ஸும் எமி பிராட்ஃபீல்டும் செய்த ஆய்வில், துப்பாக்கிதாரி ஒருவன் வரும் கண்காணிப்புக் கமெராக் காட்சியைக் காட்டிவிட்டு, அவன் படமே இல்லாத புகைப்படத் தொகுப்பைக் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரு தவறான ஆளைத் தெரிவுசெய்தார்கள். அவர்களில் சிலரிடம் மட்டும் “நல்லது, சந்தேகநபரைச் சரியாக அடையாளம் காட்டினீர்கள்” என்று சொன்னார்கள். அந்த ஒரு வரி போதும். தாங்கள் மிக உறுதியாக இருந்ததாகவும், முகம் தெளிவாகத் தெரிந்ததாகவும், கவனமாகப் பார்த்ததாகவும் அவர்கள் பின்னர் சொன்னார்கள். கண்ட காட்சி மற்றவர்களுக்கும் அதேதான்.

அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று நிரூபணமானவர்களின் வழக்குகளில் பத்தில் ஏழளவில் தவறான அடையாளம் காட்டல் இருந்திருக்கிறது. அந்தச் சாட்சிகளுள் பெரும்பாலானோர் பொய்யர்கள் அல்லர்.

இங்கே, சந்தேகநபரை வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்திச் சாட்சிக்குக் காட்டும் அடையாள அணிவகுப்பு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 124ஆம் பிரிவின் கீழ் நீதவான் முன்னிலையில் நடக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அணிவகுப்பு கெட்டுப்போவது அதற்கு முன்னரே. சந்தேகநபரைக் கொண்டுவரும்போது நீதிமன்ற வளவுக்குள் சாட்சி கண்டுவிடுகிறார். அல்லது கைதான அன்றே படம் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி வந்திருக்கும். அதற்குப் பிறகு சாட்சி அடையாளம் காட்டுவது சம்பவத்தில் கண்ட முகத்தையா, போனில் கண்ட முகத்தையா என்று அவருக்கே தெரியாது. வரிசையில் நிற்கும் மற்றவர்கள் வயது, உடற்கட்டு, தாடி, நிறம் எல்லாவற்றிலும் சாட்சி முதலில் கொடுத்த விவரிப்புக்குப் பொருந்தவேண்டும். ஒருவருக்கு மட்டும் தாடி இருந்தால் அது அணிவகுப்பே அல்ல. சந்தேகநபர் யாரென்று தெரிந்த ஒருவரும் சாட்சியின் கண்ணில் படும்படி நிற்கக்கூடாது. “அவர் இதில் இல்லாமலும் இருக்கலாம்” என்று முன்னரே சொல்லவேண்டும். காட்டிய அந்த நிமிடத்தில் சாட்சி என்ன சொன்னார், எவ்வளவு தயங்கினார் என்பதை அவருடைய சொல்லிலேயே பதியவேண்டும். ஒழுங்காக நடந்த முதல் அணிவகுப்பில் சொன்ன உறுதிக்கு மதிப்பு உண்டு. வருடங்கள் கழித்துக் கூண்டில் காட்டும் உறுதிக்கு அந்த மதிப்பு இல்லை.

முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையும் இதேபோலத்தான். 24,000க்கு மேற்பட்டவர்களின் தீர்மானங்களைத் தொகுத்து 2006இல் பொண்டும் டெபோலோவும் பார்த்தபோது, சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். நம் ஊரில் வயதான ஒரு பெண் நீதிபதியின் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்து, குரல் தழுதழுக்கப் பதில் சொல்வது மரியாதையாலும் பயத்தாலும். அதைக் கள்ளத்தனம் என்று வாசித்தால் அவருக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

சாட்சியங்களை அழைக்கும் ஒழுங்குக்கும் வலு உண்டு. நன்சி பெனிங்டனும் ரீட் ஹேஸ்டியும் ஒரே கொலை வழக்கை வேறுவேறு ஒழுங்கில் கொடுத்துப் பார்த்தார்கள். அரச தரப்புச் சாட்சியம் சம்பவங்கள் நடந்த வரிசையிலும் எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) தரப்பு சிதறியும் இருந்தபோது 78 சதவீதமானோர் குற்றவாளி என்றார்கள். அதை மாற்றிப் போட்டபோது 31 சதவீதம்தான். இது சட்டம் படிக்காதவர்களிடம் செய்த ஆய்வு. இங்கே மேல் நீதிமன்றத்தில் எதிரி கேட்டால் 7 பேர் கொண்ட யூரிமார் அமரலாம் என்றாலும், பெரும்பாலான வழக்குகளை நீதிபதியே தனித்துக் கேட்கிறார், காரணம் எழுதித் தீர்ப்பளிக்கிறார். எழுதவேண்டிய கட்டாயம் மனச்சாய்வைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும், முற்றாக அல்ல. ஜேர்மனியில் சட்டத்துறையினருக்கு ஒரு திருட்டு வழக்கைக் கொடுத்து, தண்டனையைத் தீர்மானிக்குமுன் இரண்டு தாயக்கட்டைகளை உருட்டச் சொன்னார்கள். இரண்டின் கூட்டுத்தொகை 3 அல்லது 9 மட்டும் வரும்படி கட்டைகள் செய்யப்பட்டிருந்தன. 3 கண்டவர்கள் சராசரி 5 மாதமளவும், 9 கண்டவர்கள் 8 மாதமளவும் விதித்தார்கள். ஆய்வில் பங்குபற்றியவர்கள் சிலரே, ஆனால் முதலில் காதில் விழும் எண் பின்வரும் எண்ணை இழுக்கும் என்பது வேறு பல ஆய்வுகளிலும் கண்டதே.

இஸ்ரேலில் சிறைவாசிகளின் பரோல் மனுக்கள் இடைவேளைக்குப் பிறகு 65 சதவீதமளவில் ஏற்கப்பட்டு, அடுத்த இடைவேளை நெருங்க நெருங்கப் பூச்சியத்தை நோக்கிச் சரிந்தன என்ற 2011 ஆய்வைப் பலர் பசியின் கதையாக மேற்கோள் காட்டுகிறார்கள். அதை அப்படியே நம்பக்கூடாது. வழக்குகள் குலுக்கிப் போட்ட வரிசையில் வரவில்லை, சட்டத்தரணி இல்லாதவர்களின் மனுக்கள் அமர்வின் கடைசியில் வந்தன என்று அதே ஆண்டில் மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ நட்டஈட்டு வழக்கு நடத்துபவர் நீதிபதியின் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, முதலில் காதில் விழும் எண்ணைப் பற்றித்தான் கவலைப்படவேண்டும். எதிர்த்தரப்பு சொன்ன தொகையைக் கூட்டிக் குறைத்துப் பேரம்பேசுவதை விட்டு, வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், வாகனத் திருத்தம் என்று பற்றுச்சீட்டுகளோடு தனக்கென்று ஒரு தொகையைக் கணக்கிட்டு மன்றில் வைப்பதே அவர் செய்யவேண்டிய வேலை.