கல் குடிலைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்

கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், பியூட் பள்ளத்தாக்கிலுள்ள பழைய கல் குடில் ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு வந்த குடும்பத்தினர் சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்தனர். தரையெங்கும் எலிப்புழுக்கை கிடந்ததாகவும், பிள்ளைகள் படுக்க வேண்டுமே என்று வந்ததும் வராததுமாகத் துடைப்பத்தை எடுத்து மூலைமுடுக்கெல்லாம் பெருக்கிவிட்டதாகவும் அந்தத் தாய் சொன்னபோது, எனக்குக் கோபமும் கவலையும் ஒருசேர வந்தன. இந்தக் குளிர்காலத்தில் இதை நான் கேட்பது நான்காவது முறை.

அந்தப் புழுக்கையை விட்டுச்செல்லும் வெள்ளை வயிற்றுச் சுண்டெலிகளில் சில, ஹான்டா வைரஸைச் சுமப்பவை. எலிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மனிதரின் நுரையீரலில் நீர் கோத்துவிடுகிறது. 1993-இல் நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் சந்திக்கும் பகுதியில் திடகாத்திரமான இளைஞர்கள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் இந்நோய் அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்டது. 2012-இல் யோசெமிட்டி பூங்காவில் தங்கியவர்களில் 10 பேருக்குத் தொற்றி, 3 பேர் இறந்தனர். தொற்றியவர்களில் பெரும்பாலோர் படுத்திருந்த கூடாரக் குடில்களின் இரட்டைச் சுவர்களுக்கு இடையே எலிகள் கூடு கட்டியிருந்தன. காரை உதிர்ந்த கல் சுவரில் நுழைய எலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும்.

"பாலைவன வெயிலில் எந்தக் கிருமி பிழைக்கும், டாக்டர்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெயில் நேரடியாகப் படும் இடத்தில் இந்த வைரஸ் விரைவில் அழிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வெயில் உள்ளே வராமல் இருப்பதற்காகத்தானே அன்றைய சுரங்கக்காரர்கள் தடித்த கல்லால் சுவர் எழுப்பினார்கள்? அந்த நிழலில் வைரஸ் சில நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். புழுக்கை காய்ந்திருக்கிறதே, இனி ஆபத்தில்லை என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. ஈரமாக இருக்கும்வரை அது தரையிலேயே கிடக்கிறது. காய்ந்ததைப் பெருக்கும்போதுதான் தூசியாக எழுந்து மூச்சில் கலக்கிறது.

தயவுசெய்து உள்ளே படுக்காதீர்கள். குடிலைப் பார்த்துவிட்டு, வெளியே உங்கள் கூடாரத்தில் உறங்குங்கள். தங்கியே ஆகவேண்டுமென்றால், கதவையும் சன்னல்களையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். பிறகு கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை நன்றாக ஊறும்படி தெளித்து, ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத்தால் துடைத்தெடுத்துப் பையில் கட்டுங்கள். பழைய மெத்தைகளைத் தொடவே வேண்டாம். உணவை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

தங்கிய நாளிலிருந்து ஒன்று முதல் எட்டு வாரங்களுக்குள் காய்ச்சலும், தொடையிலும் இடுப்பிலும் கடும் வலியும் வந்தால், இருமல் தொடங்கும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொடக்கத்தில் சாதாரண ஃப்ளூவைப் போலத்தான் தெரியும். குடிலில் தங்கியதை நீங்களே சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்த எண்ணமே வராமல் போகலாம். சக மருத்துவர்கள் இந்நிலையில் இரத்தத் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இதற்கென்று தனி மருந்து இல்லை. மூச்சுத்திணறல் வரை போனவர்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் இறந்துவிடுகின்றனர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்கூட்டியே வந்து சேர்பவர்களுக்கே பிழைக்கும் வாய்ப்பு கூடுதல்.

அந்தக் குடும்பத்தில் இன்றுவரை யாருக்கும் காய்ச்சல் இல்லை. எட்டு வாரங்கள் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொடுத்து, அதுவரை வாரம் ஒருமுறை என்னை அழைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.