சிவப்பு வயரை மாட்டாதீர்கள்

போன வாரம் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி, ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். “நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார். சீரியல் கேபிள் மாட்டினேன், அதுக்கப்புறம் லைட்டே எரியலை.”

போர்டையும் லேப்டாப்பையும் யூஎஸ்பி வழியாக இணைத்து, எழுத்து வழியாகப் பேச வைக்கும் கேபிள் அது. வாங்கிப் பார்த்தேன். உறையில் 3.3 வோல்ட் என்று இருந்தது. அதை நம்பி, சிவப்பு வயரை 40 பின் வரிசையின் முதல் பின்னில் மாட்டியிருக்கிறார். அது 3.3 வோல்ட் பின். 3.3 என்று எழுதிய கேபிள், 3.3 என்று எழுதிய பின். அவர் யோசித்ததில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிவப்பு வயரில் வந்தது 5 வோல்ட். மீட்டரை வைத்துக் காட்டியதும் தம்பிக்குப் பேச்சே வரவில்லை. போர்டின் 3.3 வோல்ட் லைன் கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருந்தது. இரண்டு மாதத்தில் இப்படி என் மேசைக்கு வந்த மூன்றாவது போர்டு இது. மூன்றில் ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேபிளில் எழுதியிருக்கும் 3.3 என்பது சிக்னல் வயர்களுக்கு மட்டும். சிவப்பு வயர் பெரும்பாலும் உங்கள் லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து நேராக வருகிறது, அங்கே இருப்பது 5 வோல்ட். இந்தக் கேபிள்களைச் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் 3.3 வோல்ட் கேபிளிலும் சிவப்பில் 5 வோல்ட்தான் என்று அவர்களுடைய டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. நான்கு வயர் இருக்கிறதே, நான்கையும் மாட்டினால்தானே வேலை செய்யும் என்று கேட்கிறார்கள். இல்லை. கன்சோலுக்கு, அதாவது போர்டின் எழுத்தை லேப்டாப்பில் பார்த்துக் கட்டளை தட்டுவதற்கு, மூன்று போதும்: கிரவுண்டு, டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது). நான்காவது வயர், போர்டுக்கு வேறு பவர் இல்லாதபோது கேபிள் வழியாகவே கொடுப்பதற்கு. ஆரம்பகால ராஸ்பெர்ரி பை குறைவான மின்சாரத்தில் ஓடியதால் அந்தக் காலத்துக் குறிப்புகளில் சிவப்பையும் மாட்டச் சொல்லியிருப்பார்கள். பை 4-க்குப் பரிந்துரைப்பது 5 வோல்ட், 3 ஆம்பியர் பவர் அடாப்டர். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது அரை ஆம்பியர். சரி, 5 வோல்ட் பின்னிலேயே மாட்டினால் என்ன என்றால், பவர் அடாப்டரும் லேப்டாப்பும் ஒன்றுக்கொன்று எதிராக மின்சாரத்தைத் தள்ளும். லேப்டாப் போர்ட் போனாலும் போகலாம்.

பை 5-ஐப் பாருங்கள். இரண்டு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுகளுக்கு நடுவே கன்சோலுக்கென்றே ஒரு சின்ன கனெக்டர் வைத்திருக்கிறார்கள். அதில் மூன்றே பின். பவருக்கு இடமே இல்லை.

அடுத்தது சிக்னல் வயர். பையின் ஜிபிஐஓ பின்கள், அதாவது அந்த 40 பின் வரிசையில் உள்ள சிக்னல் பின்கள், 5 வோல்ட்டைத் தாங்காது. யூஎஸ்பி-சீரியல் அடாப்டரில் (இனி அடாப்டர் என்றால் இதுதான்) 5, 3.3 என்று இடம் மாற்றிச் செருகும் ஜம்பர் இருந்தால் 3.3-க்கு மாற்றுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். சில மாட்யூல்களில் ஜம்பர் பவர் பின்னை மட்டும்தான் மாற்றும். போர்டில் மாட்டுவதற்கு முன், அடாப்டரை லேப்டாப்பில் செருகி, கிரவுண்டுக்கும் டிஎக்ஸுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் உயர் நிலையில் நிற்கும், அதனால் வோல்ட்டேஜ் அப்படியே தெரியும். 3.3-க்குப் பக்கத்தில் இருந்தால் மாட்டலாம். 5 என்று காட்டினால் அந்த அடாப்டரைத் தொடாதீர்கள். பழைய 9 பின் ஆர்எஸ்-232 கேபிளை நேரடியாக மாட்டவே கூடாது. அதில் மைனஸ் வோல்ட்டேஜும் வரும்.

வயரின் நிறத்தை நம்பாதீர்கள். சில கேபிள்களில் பச்சைதான் டிஎக்ஸ். எஃப்டிடிஐ கேபிளில் டிஎக்ஸ் ஆரஞ்சு, ஆர்எக்ஸ் மஞ்சள், பச்சை வேறு வேலைக்கு.

போர்டை அணைத்துவிட்டு மாட்டுங்கள். முதலில் கிரவுண்டு, 6-வது பின்னில். அடாப்டரின் ஆர்எக்ஸ் 8-வது பின்னுக்கு, டிஎக்ஸ் 10-வது பின்னுக்கு. மாற்றி மாட்டிவிட்டால் எழுத்து வராது, பயப்படாமல் அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

மென்பொருள் பக்கம் வருகிற சிக்கல்களால் எந்தப் போர்டும் சாகாது, அதனால் சுருக்கமாக. ராஸ்பி-கான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் மென்பொருளில் சீரியல் லாகினை இயக்குங்கள். வேகம் விநாடிக்கு 115200 பிட். ராக்சிப் நிறுவனத்தின் சிப் உள்ள பல போர்டுகளில் வேகம் 15 லட்சம், சில அடாப்டர்களில் இருக்கும் பழைய சிபி2102 சிப் 10 லட்சத்தைத் தாண்டாது, குப்பை எழுத்தாக வரும். லேப்டாப்பில் மினிகாம் என்ற டெர்மினல் மென்பொருளில் எழுத்து வருகிறது, ஆனால் தட்டச்சு செய்தால் போகவில்லை என்றால் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை அணையுங்கள். லேப்டாப்பில் உபுண்டு 22.04 லினக்ஸ் இருந்து, சிஹெச்340 சிப் உள்ள அடாப்டர் செருகியதும் மறைந்துபோனால், பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெயில் மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரெயில் கருவி பயன்படுத்தாதவர்கள் அதை நீக்கிவிடலாம்.

லேபில் கேபிள் கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சிவப்பு வயரின் முனையில் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போட்டு மூடிக் கொடுங்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் சேர்த்த காசில் வாங்கிய போர்டு அது.

அந்தத் தம்பியின் எஸ்டி கார்டு நல்லவேளையாகப் பிழைத்திருந்தது. என்னிடம் இருந்த பழைய பை 3-ஐ எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு முனையை அவரே மூடினார், டிஎக்ஸை அளந்தார், 3.28 காட்டியது. பவர் கொடுத்ததும் திரையில் வரிகள் ஓடி, லாகின் கேட்டு நின்றது. ப்ராஜெக்ட் முடியும்வரை அந்த போர்டு அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.