ரெஸ்யூமேயில் பொழுதுபோக்குகளைக் குறிப்பிட வேண்டுமா?

கல்லூரியை முடித்து முதல் வேலை தேடுபவர்களின் ரெஸ்யூமேக்களைப் படித்துத் தேர்வு செய்வது என் பணி. "பாட்டுக் கேட்பது, புத்தகம் படிப்பது, கிரிக்கெட் விளையாடுவது" என்ற வரி, ஒரே வகுப்பில் படித்த பலருடைய ரெஸ்யூமேக்களில் சொல் மாறாமல் இருப்பதைப் பார்க்கிறேன். சீனியர் ஒருவரின் கோப்பு கைமாறி வரும்போது பெயரும் மதிப்பெண்ணும் திருத்தப்படுகின்றன. இந்த வரியும் அதற்குக் கீழேயுள்ள உறுதிமொழியும் அப்படியே தங்கிவிடுகின்றன. எழுதியவரைப் பற்றி எதையுமே சொல்லாத இந்த வரியை எடுத்துவிடுவதே நல்லது.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நேர்காணலுக்குப் பதற்றத்தோடு வந்து உட்காரும் புதியவரைச் சற்று இயல்பாகப் பேச வைப்பதற்காக, பேனலில் இருப்பவர்கள் பல நேரங்களில் இந்த வரியிலிருந்துதான் கேள்வியைத் தொடங்குவார்கள். புத்தகம் படிப்பதைப் பொழுதுபோக்காகக் குறிப்பிட்டிருந்த ஒரு மாணவியிடம், கடைசியாகப் படித்தது எது என்று கேட்டோம். அவர் பாடநூல் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு, டேட்டாபேஸ் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்த விஷயங்களைக்கூட அவரால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

இதற்கு நேர்மாறாக, தொழிற்சாலைப் பணிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், ஊரிலுள்ள சிறுவர்களுக்கு வார இறுதிகளில் சிலம்பம் கற்றுத் தருவதாக எழுதியிருந்தார். கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடியை ஏன் பழக்க வேண்டும், அவசரப்படும் பையனை எப்படி நிறுத்தி வைப்பது என்பதையெல்லாம் அவர் விளக்கிய விதத்திலேயே, ஷிப்டில் பத்துப் பேருக்கு வேலை சொல்லிக்கொடுக்கக் கூடியவர் என்பது எங்களுக்குப் புரிந்தது. "சிலம்பம்" என்ற ஒற்றைச் சொல்லோடு அவர் நிறுத்தியிருந்தால், இந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. எவ்வளவு காலமாக, எந்த அளவில், யாரோடு என்பதைச் சொல்ல முடிந்த, அதைப் பற்றிச் சில நிமிடங்களாவது பேச முடிந்த பொழுதுபோக்கை மட்டுமே எழுதுங்கள். போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களைச் சாதனைகள் என்ற தலைப்பில் தருவதே பொருத்தம்.

பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பகுதியே வேண்டியதில்லை. செய்த பணிகளைச் சொல்லவே பக்கம் போதாது. குடிமைப் பணித் தேர்வு எழுதுபவர்களின் நிலை வேறு. அங்கே விரிவான விண்ணப்பப் படிவமே பொழுதுபோக்குகளைக் கேட்கிறது. 275 மதிப்பெண்ணுக்கான ஆளுமைத் தேர்வில், அதாவது நேர்காணலில், அதிலிருந்து கேள்விகள் வரக்கூடும் என்பதால், உண்மையிலேயே பழக்கமானதை மட்டும் குறிப்பிட வேண்டும்.

பொழுதுபோக்கு, ஒருவருடைய குடும்பப் பின்னணியையும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்சிக் ஆகிய ஆய்வாளர்கள், கல்வித் தகுதியில் வேறுபாடில்லாத கற்பனை ரெஸ்யூமேக்களை 316 சட்ட நிறுவன அலுவலகங்களுக்கு அனுப்பி, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். பாய்மரப் படகு, போலோ போன்ற வசதி படைத்தோரின் விருப்பங்களைக் கொண்ட ஆண்களின் ரெஸ்யூமேக்களில் 16 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானவற்றுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. பெண்களுக்கும், எளிய பின்னணியைக் காட்டும் ஆண்களுக்கும் அதில் பாதிகூட வரவில்லை. தேர்வுக் குழுவில் அமர்பவர்கள் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தம்மைப் போலவே பொழுதைக் கழிப்பவரைத் திறமைசாலி என்று எண்ணிவிடுவது மிக எளிதாக நடந்துவிடுகிறது.

குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வரும் பலருக்குப் பொழுதுபோக்கு என்று தனியாக எதுவும் இருந்திருக்காது. கல்லூரி விட்டதும் கடைக்கோ டியூஷன் எடுக்கவோ போயிருப்பார்கள். அதை மறைத்துவிட்டு "பாட்டுக் கேட்பது" என்று எழுதுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. பொழுதுபோக்கு என்ற தலைப்பையே எடுத்துவிடுங்கள். மாலை நேரங்களில் மளிகைக் கடையில் பில் போட்டு, சரக்கு இருப்பைச் சரிபார்த்து, இரவில் கல்லாக் கணக்கை முடித்துக் கொடுத்திருந்தால், கடையின் பெயர், செய்த வேலை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற விவரங்களோடு அதை அனுபவம் என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள்.